இரண்டு தலைவர்களும் ஒரு போர்வையும்

ஒரே மேடையில் ஏறமாட்டோம் என்று ஊரறியச் சொல்லியிருந்த இரண்டு தலைவர்கள், எங்கள் வீட்டில் ஒரே போர்வைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவர்களைச் சேர்த்துத் தைத்தவள் என் அம்மா. அதற்காக அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வயது ஏற ஏறக் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆறவில்லை. அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கொட்டகலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். அங்கே ஒரு சாண் மண்கூட எங்களுக்குக் கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தோம். படுக்க ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஒரு பக்கம் அடிக்கிற காற்று, கடைசிக் காம்பரா என்பதால் எங்களுக்கு இரண்டு பக்கம் அடித்தது. கதவின் அடியில் என் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. தை மாதத்தில் அந்த வழியாக வருகிற குளிர் நேராகக் காலைத்தான் பிடிக்கும்.

இந்தக் குளிரை அனுபவிப்பதற்காகக் கொழும்பிலிருந்து வண்டி பிடித்து வருகிறார்கள். நுவரெலியாவில் சுவெட்டர் போட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குளிர் எவ்வளவு அழகு என்று பேசுகிறவர்களை எங்கள் காம்பராவில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடைப் போர்வை ஒன்று வீட்டில் இருந்தது. விருந்தாளி வந்தால் எடுப்பதற்காக அது பெட்டியிலேயே கிடந்தது. நாங்கள் போர்த்திக்கொண்டது அம்மா தைத்த போர்வைகளைத்தான்.

அம்மாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. கட்டிக் கட்டித் தேய்ந்து மெத்தென்று ஆகிவிட்ட சேலை உடம்பில் படுகிற பக்கத்துக்கு. நடுவில் அப்பா இடுப்பில் கட்டித் தேய்ந்த பழைய சாரம், எங்களுடைய கிழிந்த பள்ளிக்கூடச் சட்டைகள், கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய கோதுமை மா மூட்டைத் துணி. சட்டைகளில் பொத்தானை வெட்டி எடுத்து, தையல் மடிப்புகளையும் பிரித்துவிடுவாள்; இல்லாவிட்டால் முதுகில் உறுத்தும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் கெட்டியான துணி வேண்டும், காற்று முட்டுவது அதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில் எல்லாவற்றையும் அடுக்கி, நான்கு மூலையிலும் கல்லை வைத்து, சாக்கு ஊசியால் விளிம்பிலிருந்து நடுப்பக்கம் நோக்கித் தைத்துக்கொண்டு போவாள். லயத்தில் முக்கால்வாசி வீட்டுக்கு அவள்தான் தைத்துக் கொடுத்தாள். என் மாமா வீட்டுக்கும் அவள்தான்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன். தேர்தலிலும் நிற்கிற எங்கள் தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் தலைவர். வெள்ளைச் சட்டை போடாமல் அவரை நான் பார்த்ததில்லை. தேர்தல் வந்துவிட்டால் மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, குரல் மட்டும் பெரிதாகும். தேர்தல் முடிந்ததும், மிஞ்சிய பேனர்களைச் சுருட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் போடுவார். “தச்சுக்க. நம்ம தலைவரோட துணி” என்பார். என்னவோ பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும் அவர் நிற்கிற நிலை.

அந்தத் துணியைத் தகரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் சாயம் பாதிதான் போகும். முகம் மங்கிப்போய் அப்படியே இருக்கும். துணியோ ஒரே சலவையில் சல்லடையாகிவிடும். விரலை வைத்தால் மறுபக்கம் தெரியும். இதை வெளிப்பக்கம் போட்டால் காற்றுக்கு நிற்காது என்று அம்மா அதை நடுவில் வைத்துவிட்டாள். அப்படித்தான் எங்கள் சங்கத்தின் பெரிய தலைவர் எங்கள் போர்வைக்குள் போனார்.

வெளித்துணி வேறு வழியாக வந்தது. மற்றச் சங்கத்துத் தலைவருடைய பேனர் ரோட்டோரத்தில் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தது. தேர்தல் முடிந்தும் யாரும் அவிழ்க்கவில்லை. ஒருநாள் காற்றுக்கு அறுந்து தேயிலைச் செடிகள்மேல் விழுந்து கிடந்தது. கொழுந்தெடுக்கப் போன அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல தடிப்பான துணி. மடித்து, கொழுந்தெடுக்கிற பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்குக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“ஒங்கண்ணன் பாத்தா சத்தம் போடுவாருல்ல” என்று அப்பா சொன்னார்.

“கட்சி எதுவா இருந்தா என்னா, துணி நல்ல துணி” என்றாள் அம்மா.

இதைவிட நேர்மையான அரசியல் பேச்சை நான் இன்றுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை. போர்வையின் அளவுக்கு அந்தத் துணி சரியாக வந்தது. அவருடைய முகம் நடுமுதுகில் வந்து உட்கார்ந்தது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். வெட்டினால் துணி வீணாகும் என்று அம்மா அவரை அப்படியே விட்டுவிட்டாள். அவருடைய பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை, ‘கும்பிடுறவரு’ என்றுதான் சொல்வோம். என் தம்பி காலையில் எழுந்ததும் அவருக்குப் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவான். மாமா தினமும் தேத்தண்ணி குடிக்க வருகிறவர் என்பதால் போர்வையை மடிக்கும்போது முகம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். மேலே அம்மாவின் பூப்போட்ட பழைய சேலைதான் தெரியும். அந்த மடிப்பு என் பொறுப்பு. அதை நான் ஒருநாளும் தப்பாகச் செய்ததில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

அந்த வருஷம்தான் வீடு வருகிறது என்ற பேச்சு வந்தது. லயத்துக்கு மேலே சரிவை வெட்டி, குடும்பத்துக்கு ஒரு தனி வீடு. சங்கம் பேசி முடித்துவிட்டது, பெரிய தலைவரே வந்து அடிக்கல் வைக்கப்போகிறார் என்று மாமா சொன்னார். முதல் தொகுதி வீடுகளுக்கான பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புல் செதுக்கிய ஓர் இடத்தைக் காட்டி, “இது ஒங்க வீடு. இந்தப் பக்கம் கண்ணாடி ஜன்னல் வரும்” என்றார். எங்கள் காம்பராவில் ஜன்னல் என்று இருந்தது ஒரு பலகை. திறந்தால் குளிர், மூடினால் இருட்டு. மாமா காட்டிய இடத்தில் நின்று பார்த்தால் கீழே ரயில் போவது முழுசாகத் தெரிந்தது. அந்த ஜன்னல் எனக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆளில்லை. அதற்கப்புறம் வீடு என்றால் எனக்கு அந்தப் புல் செதுக்கிய இடம்தான். லயத்தில் சும்மா தங்கியிருக்கிறோம்.

கல் வைக்கிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிய கந்தல்களையெல்லாம் எடுத்து அம்மா புதிதாக ஒன்று தைக்க உட்கார்ந்தாள். நீளமாக, ஒல்லித் தலையணை மாதிரி ஓர் உருளை. கதவடியில் வைத்தால் காற்று வராது என்றாள். ஒரு நூலை என் கையில் கொடுத்து, கதவின் ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி, மறுமுனை வரைக்கும் இழுத்து அளந்தாள்.

“நாமதான் புது வீட்டுக்குப் போறோமே. இந்தக் கதவுக்கு எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“போறப்ப போவோம். நூல இழுத்துப் புடி.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் ஊசி இல்லாமல் அம்மாவால் இருக்க முடியாது, அதனால்தான் விட்டுவிட்டுப் போகிற கதவுக்கெல்லாம் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

கல் வைக்கிற நாளும் வந்தது. எங்கள் காம்பராவுக்குப் பக்கத்திலேயே பந்தல். காலையில் வருவதாகச் சொன்ன பெரிய தலைவர் மத்தியானம் தாண்டி வந்தார். அதற்குள் பனிமூட்டம் இறங்கி, தூறலும் பிடித்துக்கொண்டது. மெல்லிய வெள்ளைச் சட்டையோடு வண்டியிலிருந்து இறங்கினார். மாமா அட்டனில் வாங்கி வைத்திருந்த பொன்னாடையைப் போர்த்தினார். சரிகை பளபளத்ததே தவிர அதற்குக் குளிர் தாங்குகிற சக்தி கிடையாது. தலைவருக்குத் தாடை அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாவமாகத்தான் இருந்தது. எங்களோடு கொஞ்ச நேரம் குளிரில் நின்றதற்கே அவருக்கு அந்தப் பாடு.

மாமா சுற்றிப் பார்த்தார். ஓட்டமாக எங்கள் காம்பராவுக்குள் வந்தார். அம்மா பந்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள், அப்பாவும் தம்பியும் கூட்டத்தில் இருந்தார்கள். வீட்டில் நான் மட்டும் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கட்டிலின்மேல் நான் மடித்து வைத்திருந்த போர்வை, பூப்போட்ட சேலைப்பக்கம் மேலே தெரிய, அழகாக இருந்தது. மாமா அதைத் தூக்கிவிட்டார்.

“மாமா, அது வேணாம்” என்றேன்.

“நல்லாத்தான இருக்கு.”

“அதுல உள்ள...”

“பெரியவங்க காரியத்துல பொட்டப் புள்ள குறுக்க பேசாத.”

நான் விடவில்லை. பெட்டியைத் திறந்து கடைப் போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பந்தல் வாசல்வரைக்கும் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். “மாமா, இத எடுங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே போனேன். திரும்பி, தலையில் ஒரு குட்டு வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது குட்டுக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்க அந்தப் பெரிய மனிதருக்கு நேரமில்லை.

மாமா போர்வையை விரித்து, மெத்தென்ற சேலைப்பக்கம் உள்ளே இருக்கும்படி பெரிய தலைவரின் தோளில் போர்த்தினார். தலைவருக்கு முகமே மாறிவிட்டது. இழுத்து மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு கல் வைப்பதற்காகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்தார். அவருடைய முதுகிலிருந்து கும்பிடுகிறவர் எங்கள் எல்லோரையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பந்தல் முழுக்கப் பரவியது. தலைவருக்குப் பின்னால் குடை பிடித்தவர்தான் அவருடைய ஆட்களில் முதலில் பார்த்தார். குடையை மெதுவாகத் தாழ்த்தி அந்த முகத்தை மறைக்கப் பார்த்தார். தலைவரின் தலை நனைந்தது. தலைவர் நிமிர்ந்து, கூட்டம் சந்தோஷத்தில் சிரிக்கிறது என்று நினைத்துக் கையை ஆட்டினார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

“தாய்மாரே, இந்த மலையில எனக்குக் குளிரே தெரியல. ஒங்க அன்புதான் என்னையப் போர்த்தியிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. என் தம்பி பழக்கதோஷத்தில் ஒரு கும்பிடு போட்டான். குடைக்காரர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் போர்வையைக் கழற்றி, பிரித்து, பார்த்தார். அது சேற்றில் விழுந்தது. வண்டி கிளம்பிப் போனது. தேத்தண்ணி அப்படியே மிச்சமாகக் கிடந்தது.

சாயங்காலம் மாமா சங்கக் கமிட்டி ஆட்களோடு எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். அம்மாவை நிற்க வைத்தார்கள். அப்பா ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவனோட துணியக் கொண்டாந்து யாரு மேல போட வச்சிருக்க, தெரியுமா?” என்றார் மாமா.

“நான் போடலண்ணே. நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க.”

“எதிரி மூஞ்சிய வீட்டுல வச்சுக்கிட்டு எங்ககிட்டயே வீடும் கேப்பீங்களோ” என்றார் இன்னொருவர்.

போர்வையை எடுத்தது யார், போர்த்தியது யார், சொல்ல வந்த பிள்ளையைக் குட்டியது யார்? இதையெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை. நான் அடுப்படி வாசலிலிருந்து “நான் சொன்னேன்” என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தொகுதியில் எங்களுக்கு வீடு கிடையாது, பெரிய இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள் என்று மாமா அறிவித்தார். கையோடு, “அந்த மூஞ்சிய இப்பவே என் கண்ணு முன்னால பிரிச்சு எடு” என்றார்.

அம்மா சேறு காயாத போர்வையைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் விரித்தாள். பிளேடை எடுத்து விளிம்பில் நூலை அறுத்துக்கொண்டே போனாள். வெளித்துணியை உரித்து மடக்கியதும் அடியில் இன்னொரு முகம் வந்தது. சாயம் போய், சல்லடையாகி, எங்கள் பெரிய தலைவர்.

“ரெண்டு பேரும்தாண்ணே இருக்காங்க. யார எடுக்கணும், யார விடணும்னு சொல்லுங்க” என்றாள் அம்மா.

கமிட்டி ஆட்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா துணியைப் பார்த்தார். அவரே பெருமையாகக் கொண்டுவந்து போட்ட துணி.

“இவர மட்டும் வெளிய விட்டா காத்துத் தாங்க மாட்டாரு. அதுனாலதான் உள்ள வச்சேன். ஒங்க வீட்டுப் போர்வையும் நான் தச்சதுதான். அதையும் கொண்டாங்க, பிரிச்சுப் பாத்துருவோம்.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மாமா வீட்டுப் போர்வை பிரிப்பதற்கு வரவே இல்லை.

நியாயமாகப் பார்த்தால் நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஜன்னல் போய்விட்டது. ரயில் போய்விட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்? மாமாமேல் இருந்த அத்தனை ஆத்திரமும் அம்மாமேல் திரும்பியது. “ஒனக்கு நல்ல துணிதான் பெருசு. ஒரு துணிக்காக வீட்டையே தொலச்சிட்டியே” என்று கத்தினேன். அப்பா அதட்டினார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, கதவுக்குத் தைத்த அந்த உருளையை எடுத்துவந்தாள். “அந்த மொனைய அமுக்கிப் புடி” என்றாள். அழுதுகொண்டே பிடித்தேன். கதவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அது விரற்கடை கூடாமல் குறையாமல் உட்கார்ந்தது.

அந்தக் கல் இன்னமும் அதே இடத்தில் இருக்கிறது. பெரிய தலைவரின் பெயரில் பாசி ஏறிவிட்டது. வெயில் வந்தால் லயத்துப் பெண்கள் போர்வைகளை அதன்மேல்தான் காயப் போடுகிறார்கள். வேறு சில தோட்டங்களில் வீடுகள் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் சரிவில் அதற்கப்புறம் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. எங்களுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டவர்கள் இன்றைக்கும் எங்களுக்கு மூன்றாவது காம்பராவில் இருக்கிறார்கள். மாமாவும் லயத்தில்தான் கண்ணை மூடினார், அம்மா தைத்த போர்வைக்குள். இப்போதெல்லாம் தலைவர்கள் பிளாஸ்டிக்கில் வருகிறார்கள். தைக்க உதவாது என்று அம்மா திட்டிக்கொண்டே அவர்களைக் கூரைத் தகரத்தின்மேல் போட்டுக் கல்லை வைக்கிறாள்.

எங்கள் போர்வையால்தான் எங்களுக்கு வீடு போனது என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கல் வைக்கிறதற்கு முன்னாலேயே, மாமா வீடு வீடாக நல்ல செய்தி சொல்லிக்கொண்டு திரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, அடுத்த தை மாதக் குளிருக்காக அம்மா இந்தப் பழைய கதவை அளந்துகொண்டிருந்தாள். நூலின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அவள் எதை அளக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.